நூற்றைம்பது வெள்ளி

ஒன்பது மணிச் சொட்டு விட்டாயிற்று. வெள்ளை மூடி போட்ட மருந்து முதலில், கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம், அப்புறம் இளஞ்சிவப்பு மூடி, மறுபடி ஐந்து நிமிடம். கண் ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் பெண் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், அதனால் மறக்கவில்லை. அவள் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த சொட்டு பதினொரு மணிக்கு. அதற்குள் இந்த வருமானவரிப் படிவத்தை முடித்துவிடலாம் என்று மடிக்கணினியைத் திறந்து சாப்பாட்டு மேஜையில் வைத்திருக்கிறேன். மடிக்கணினி பூங்கொடி போட்டுவிட்டுப் போனது, ஓரத்தில் ஒரு எழுத்து அழிந்திருக்கும், ஆனால் வேலை செய்கிறது. வரிப் படிவம் போடும் சாப்ட்வேரையும் அவள்தான் கோயம்புத்தூரில் இருந்தபடியே பணம் கட்டி இதில் ஏற்றிக் கொடுத்தாள். மகள் என்றால் அப்படி இருக்க வேண்டும். அறைக்குள்ளிருந்து அவர் கேட்கிறார், "அஞ்சு நிமிஷம் ஆச்சா?" கடிகாரத்தைப் பார்த்தேன். "இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு." "நாயகி, இந்த ஒரு நிமிஷத்தத் தள்ளுபடி பண்ணக் கூடாதா?" "கூடாது." "கவர்ன்மெண்டு கூட கடைசி தேதிய தள்ளிப் போடுது, நீ போட மாட்டியே." அவர் சொல்வது சரிதான், நான் அப்படித்தான். அரிசி அளந்தால் தலை தட்டித்தான் போடுவேன். ஆனால் கண் விஷயம், எழுபத்தைந்து வயதுக் கண், லென்ஸ் வைத்து நாலு நாள்தான் ஆகிறது. அந்த டாக்டர் கை நடுங்காமல் வைத்திருக்கிறார், அதற்குப் பிறகு நாம் ஒரு நிமிடம் ஏமாற்றினால் அது யாருக்கு மரியாதை. "இப்ப திறக்கலாம்" என்றேன். "தேங்க்ஸ் மேடம்" என்றார்.

இத்தனை வருடமும் இந்த வரி வேலை எனக்கு வந்ததில்லை. சபாநாயகம் என்று ஒரு ஆடிட்டர், மயிலாடுதுறைக்கு நாங்கள் திரும்பி வந்த வருடத்திலிருந்து அவர்தான் இரண்டு பேருக்கும் போட்டுக் கொடுப்பார். போன தை மாதம் தொழிலை விட்டுவிட்டு மகனோடு ஹைதராபாத் போய்விட்டார். இந்த வருடம் நீயே போடேன், சாப்ட்வேர் ஒவ்வொன்றாகக் கேட்கும், நீ ஒவ்வொன்றாகப் பதில் சொல் என்றாள் பூங்கொடி. அப்பா பார்த்துக்கொள்வார் என்று நினைத்தோம், அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார், திரையைப் பார்க்கக் கூடாது. எட்டாவது படித்தவளை நம்பி அரசாங்கமே ஒரு கேள்வித்தாளைக் கொடுத்திருக்கிறது. கேள்வித்தாள் தமிழிலும் வருகிறது, ஆனால் அந்தத் தமிழுக்கு இங்கிலீஷே தேவலாம். மெதுவாகப் படித்தால் புரிகிறது. அவசரப்படுத்துவதில்லை, முகத்தைச் சுளிப்பதில்லை, தப்பாக அடித்தால் சிவப்பாகக் காட்டிவிட்டுக் காத்திருக்கிறது. ஆடிட்டர் நல்லவர், ஆனால் அவர் அறையில் எனக்கு வாய் வராது. ஏதாவது கேட்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போவேன், நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு நீட்டுவார், போட்டுவிட்டு வந்துவிடுவேன். இந்த இயந்திரத்திடம் கூச்சமில்லாமல் ஒரு கேள்வியை நாலு முறை படிக்கலாம். கணவர் பெயர் என்று ஒரு கட்டம். நான் அவர் பெயரை வாயால் சொன்னவள் இல்லை. விரலால் அடித்தேன், கலியமூர்த்தி, ஒவ்வோர் எழுத்தாக, அடித்து முடித்ததும் சத்தம் போட்டுக் கூப்பிட்டுவிட்டது போல அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டில் சொத்து இருக்கிறதா. ஆம். அந்த ஆம் போட்டவுடன் பக்கம் நீண்டுபோய்விட்டது, கீழே இழுக்க இழுக்க வருகிறது. பயமாக இருந்தது, இதை மறைத்தால் பெரிய அபராதம் என்று பேப்பரில் பார்த்திருக்கிறேன், மறைக்க நமக்கு என்ன இருக்கிறது, சிங்கப்பூரில் அவர் வெல்டராக இருந்த கப்பல் பட்டறையில் என் பேரில் கொஞ்சம் பங்கு, அவ்வளவுதான். ஆனால் மறைக்காதவர்களுக்குத்தான் பயம் அதிகம். எந்த நாடு என்று கேட்டு எண்களோடு ஒரு பட்டியல். சிங்கப்பூருக்கு அறுபத்தைந்து. அந்த அறுபத்தைந்தை எனக்குத் தெரியும், சிங்கப்பூருக்குப் போன் போட்டால் முதலில் வருகிற எண். கல்யாணமாகி நாலு வருடம் நான் இங்கே இருந்தேன், அவர் அங்கே. மாதம் ஒரு தடவை, அவரோடு போன் பேச, என் அப்பா தந்தி ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அப்புறம் அவருக்கு அங்கே நிரந்தரமானதும் என்னைக் கூட்டிப்போனார், இருபத்தொரு வருடம் இருந்தோம், அப்போது அந்த எண்ணை ஊரில் இருக்கிறவர்கள் எங்களுக்காக அழுத்தினார்கள். இப்போது வரிக்காக அழுத்துகிறேன். கம்பெனி பெயர், முகவரி, அஞ்சல் எண். இரண்டு முறை கம்பெனி கைமாறிவிட்டது, பெயர் மாறிவிட்டது, இருந்தும் என்னை மறக்காமல் வருடத்துக்கு இரண்டு தடவை டிவிடெண்ட் போட்டுவிடுகிறார்கள். மனிதர்களே அப்படி இருப்பதில்லை. எப்போது வாங்கியது. 1987 ஜூன். எவ்வளவுக்கு. ஆயிரம் பங்கு, ஒன்று ஒரு வெள்ளி இருபது காசு, ஆயிரத்து இருநூறு வெள்ளி. அங்கே டாலர் என்று சொல்ல மாட்டோம், வெள்ளி என்றுதான் சொல்வோம், எனக்கு இன்னும் அதுதான் வாயில் வருகிறது. படிவம் ரூபாயில் கேட்கிறது, நான் ஒரு தாளில் வெள்ளியில் எழுதிக்கொண்டு அப்புறம் ரூபாயாக மாற்றிப் போடுகிறேன். கம்பெனி முதன்முதலில் பங்கு விட்டபோது பட்டறை ஆட்களுக்குக் கொஞ்சம் ஒதுக்கினார்கள், வேண்டுமென்றால் மனைவி பேரில் வாங்கலாம் என்றார்கள், அவர் என் பேரில் வாங்கினார். முதல் முதலாக ஒன்று வாங்கினால் அவ பேரில் வாங்கணும், அவளுக்குக் கைராசி. இதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். கிரகப்பிரவேசத்தில் சொன்னார், பூங்கொடி நிச்சயதார்த்தத்தில் சம்பந்தியிடம் சொன்னார், ஆடிட்டரிடம் சொன்னார். சொல்லும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன், காது சூடாகும். ஒரு வெல்டர் தன் கண்ணைத் தீய்த்துச் சம்பாதித்த காசில் பெண்டாட்டி பேரில் கம்பெனியில் பங்கு வாங்கினார் என்றால் அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

அடுத்தது வந்த டிவிடெண்ட். இங்கேதான் ஒருமணி நேரத்தில் பாதி போய்விட்டது. சொத்துப் பட்டியலில் ஜனவரி முதல் டிசம்பர் வரை கேட்கிறான். வருமானப் பக்கத்தில் ஏப்ரல் முதல் மார்ச் வரை கேட்கிறான். எனக்கு மார்ச்சில் ஒன்று வரும், ஆகஸ்டில் ஒன்று வரும். பங்கு இப்போது குட்டி போட்டு மூவாயிரமாக இருக்கிறது. போன வருட மார்ச்சில் நூற்றிருபது வெள்ளி, ஆகஸ்டில் நூற்றைம்பது, இந்த வருட மார்ச்சில் நூற்றெண்பது. ஒரு பக்கத்துக்கு முதல் இரண்டையும் கூட்ட வேண்டும், இன்னொரு பக்கத்துக்குக் கடைசி இரண்டையும். ஒரே பங்கு, இரண்டு பக்கத்தில் இரண்டு தொகை. கூட்டல் தப்போ என்று தாளைக் கிழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன், மறுபடி தப்பு, அதாவது மறுபடி அதே விடை. அதற்குப் பிறகுதான் தப்பு என்னிடம் இல்லை, வருடம்தான் இரண்டாக இருக்கிறது என்று புரிந்தது. ஆகஸ்டு நூற்றைம்பது மட்டும்தான் இரண்டு வருடத்திலும் நிற்கிறது. அதைப் பார்த்ததும் ஒரு நிம்மதி. வெளிநாட்டில் கட்டிய வரி எவ்வளவு. அங்கே பிடிப்பதில்லை. அப்படியானால் பூஜ்யம் போடுவதா, வெறுமனே விடுவதா. வெறுமனே விட்டால் சொல்லவில்லை என்று ஆகும், பூஜ்யம் போட்டால் ஒன்றும் கட்டவில்லை என்று சொன்னதாக ஆகும், இரண்டும் ஒன்றில்லை. பூஜ்யம் போட்டேன். பச்சைக் குறி வந்தது. ஒரு பூஜ்யத்தை ஒருவர் ஒப்புக்கொள்வதில்கூட இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது. "என்ன சொல்லுது கவர்ன்மெண்டு?" என்று அறையிலிருந்து கேட்டார். "நல்லா இருக்கீங்களான்னு கேட்டுச்சு" என்றேன். "நாலு நாளா தலைக்கு ஊத்தல, நாறுறேன்னு சொல்லு."

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. முதலில் சாதாரணமாகத்தான் படித்தேன். இச்சொத்தைப் பெற்ற நிதியின் மூலம். பக்கத்தில் இரண்டு வட்டம். ஒன்று, சுய நிதி. இன்னொன்று, துணைவர் வழங்கியது. கீழே சின்ன எழுத்தில் விளக்கம். நாலு முறை படித்தேன். மனைவி தன் பணத்தில் வாங்கியது என்றால் அதில் வரும் வருமானம் மனைவி கணக்கு. கணவன் கொடுத்த பணத்தில் மனைவி பேரில் இருக்கிறது என்றால் வருமானம் கணவன் கணக்கோடு சேர வேண்டும். ஆடிட்டர் இத்தனை வருடமும் இந்த டிவிடெண்டை என் வீட்டுக்காரர் கணக்கில் காட்டியது இதனால்தான். கைராசிக் கதையைக் கேட்டுக்கொண்டு, வேறு ஒன்றும் கேட்காமல், இரண்டாவது வட்டத்தில் குத்தியிருக்கிறார். சரிதானே. நானும் இரண்டாவது வட்டத்துக்கு அம்பைக் கொண்டுபோனேன். துணைவர் வழங்கியது, ஆமாம், வழங்கினார். அப்போது பூங்கொடி போன் செய்தாள். "அம்மா, முடிச்சிட்டியா?" கேள்வியைப் படித்துக் காட்டினேன். "அய்ய, எது போட்டா வரி கம்மியா வருதோ அதப் போடு." போட்டுப் பார்த்தேன். அவர் கணக்கில் சேர்ந்தால் ஆயிரத்துச் சொச்சம் வரி, ஏனென்றால் அவருக்கு வைப்பு நிதி வட்டியும் மேல்மாடி வாடகையும் இருக்கிறது. என் கணக்கு என்றால் ஒன்றுமில்லை. "அப்ப உன் காசுன்னு போட்டுட்டுப் போம்மா, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி யாரு வந்து பாக்கப் போறா?" "நான் பாத்துருக்கேன்ல" என்றேன். "உங்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது தாயே, அப்பாவுக்குச் சொட்டு விட்டியா?" என்று வைத்துவிட்டாள். கடைசிப் பக்கத்தில், மேலே சொன்னதெல்லாம் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று கையெழுத்துக்குப் பதிலாக ஒரு எண் போட வேண்டும். என் அறிவு எட்டாவது வரைதான், ஆனால் அதற்கு எட்டியது எட்டியதுதான். ஆயிரத்துச் சொச்சத்துக்காக அவர் ஆசையாக வாங்கிக் கொடுத்ததை நானே வாங்கியது என்று போடுவேனா. அது பொய் மட்டுமில்லை, நன்றி கெட்டது. பூங்கொடி கல்யாணத்தின்போது இவர் அண்ணன் சொன்னார், சிங்கப்பூர்ப் பங்கை வித்துத் தொலையேன், மண்டபத்துக்கு ஆச்சு. மாட்டேன் என்றேன். பெரியவர்கள் முன்னால் நான் பேசிய ஒரே தடவை. அவர் ஆசையா வாங்கிக் குடுத்தது, தொட மாட்டேன். என் கையில் வேறு எது தங்கியது. அம்மா வீட்டில் போட்ட வளையல் தம்பி லாரிக்குப் போயிற்று, தபால் ஆபீசில் சேர்த்தது நாத்தனார் ஆபரேஷனுக்குப் போயிற்று, யாராவது முகம் வாடி வந்து நின்றால் நான் கழற்றிக் கொடுத்துவிடுவேன், எண்ணித்தான் கொடுப்பேன், ஆனால் கொடுத்துவிடுவேன். அந்த ஒன்றைத்தான் கொடுக்கவில்லை, ஏனென்றால் அது என்னுடையது இல்லை, அவர் கொடுத்தது.

இரண்டாவது வட்டத்தின் மேல் அம்பு நிற்கிறது. அமுக்க வேண்டியதுதான். பக்கத்தில் நான் தாளில் எழுதி வைத்த நூற்றைம்பது கண்ணில் படுகிறது. நூற்றைம்பது வெள்ளி. அந்தத் தொகையை இதற்கு முன் எங்கேயோ கையில் வாங்கியிருக்கிறேன், தாளாக, மடித்து. மூன்று ஐம்பதாக. மேடம் கோ எப்போதும் மூன்று ஐம்பதாகத்தான் கொடுப்பாள், இரண்டு கையாலும் நீட்டுவாள், நானும் இரண்டு கையாலும் வாங்குவேன். எங்கள் அடுக்குமாடியில் நாலு வீடு தள்ளி இருந்த சீனப் பெண், டிவி செய்கிற தொழிற்சாலையில் வேலை, கணவன் கப்பலில். அவள் குழந்தை ஷு யின், ஏழு மாதத்தில் என்னிடம் வந்தது, காலையில் கொண்டுவந்து விடுவாள், சாயங்காலம் எடுத்துக்கொண்டு போவாள். தைல வாசனை. அந்தக் குழந்தை மேல் எப்போதும் ஒரு தைல வாசனை இருக்கும், அதை மோந்தால் இன்றைக்கும் எனக்குத் தோள் கனக்கிறது. தூங்க வைக்க வேண்டுமென்றால் என் காதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் அதற்கு, தோட்டை முறுக்கும், வலிக்கும், விடு என்று சொல்ல மனம் வராது. ஒருநாள் என் ரவிக்கைப் பொத்தானைக் கடித்து விழுங்கப் பார்த்துவிட்டது, வாயில் விரலை விட்டு எடுத்தேன், பொத்தான் உள்ளங்கையில் ஈரமாக இருக்கிறது, குழந்தை சிரிக்கிறது, யாருடைய குழந்தை, எந்த நாடு, நான் ஏன் இங்கே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறேன். அப்போது பூங்கொடிக்கு ஐந்து வயது, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், பாப்பாவ அடிச்சியாம்மா என்று கேட்டாள். அது என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டது. தன் தாயையும் வேறு ஏதோ சொல்லிக் கூப்பிடும், என்னை அம்மா. மேடம் கோ கோபித்துக்கொள்வாளோ என்று பயந்தேன். அவள் சிரித்தாள். நன்றி என்று தமிழில் சொல்லக் கற்றுக்கொண்டு வந்து சொன்னாள், நன்னி என்றாள், அதுவும் சரிதான்.

இந்த வேலையை ஊருக்கு எழுத வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். எழுதினால் மாமியார் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும், மருமகள் சீமைக்குப் போய் ஆயா வேலை பார்க்கிறாள் என்பார். அதனால் கடிதத்தில் குழந்தையே கிடையாது. மாதம் பிறந்ததுமே மேடம் கோ முன்பணமாகக் கொடுத்துவிடும் அந்த மூன்று தாளையும் கைக்குட்டையில் மடித்து அவரிடம் கொடுப்பேன். அவர் எண்ணாமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். எண்ணுகிறது உன் வேலை என்பார். அது எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தப் பணம் எங்கே போனது என்று நான் கேட்டதில்லை. வீட்டு வாடகை, தண்ணீர், கரண்ட், அரிசி, பூங்கொடி காலுக்குச் சப்பாத்து, போக எத்தனையோ இடம் இருந்தது. அப்புறம் மேடம் கோவின் புருஷன் வந்து அவர்களை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போனான். பள்ளி விடுமுறை தொடங்குகிற வாரம். பூங்கொடி வீட்டில் இருந்தாள், மின்தூக்கி வரைக்கும் ஓடினாள். ஜூன் விடுமுறை. கதவு மூடும்போது குழந்தை என் காதுக்குக் கையை நீட்டியது. ஜூன். நான் திரையை மேலே தள்ளினேன். 1987 ஜூன். தீபாவளி கழிந்து நவம்பரில் என்னிடம் வந்த குழந்தை, ஜூனில் போனது. நவம்பர், டிசம்பர், ஜனவரி, விரல் தானாக மடங்குகிறது, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, ஜூன். எட்டு. எட்டு நூற்றைம்பது. பெருக்க வேண்டியதில்லை, விடை தாளில் நான் எழுதி வைத்தது, ஆயிரத்து இருநூறு. என் கை எலியின் மேலேயே இருக்கிறது, மேஜைமேல் வைக்கிற எலி, அதை அமுக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

இருக்காது. ஆயிரத்து இருநூறு எத்தனை விதமாக வரும். ஆறு இருநூறும் ஆயிரத்து இருநூறுதான். அவருக்கு அப்போது ஓவர்டைம் இருந்தது. இல்லை, இருந்ததா, அந்த வருடம் பட்டறையில் கப்பலே வரவில்லை, பாதி நாள் சீக்கிரம் வந்துவிடுவார், வந்து ஷு யினைத் தோளில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடப்பார். ஊருக்கு அனுப்பியது போக மாதக் கடைசியில் கையில் பத்து வெள்ளி நிற்காத வருடம் அது. அந்த வருடத்தில் பங்கு வாங்க ஆயிரத்து இருநூறு எங்கிருந்து வந்தது என்று முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு தடவை கூட ஏன் எனக்குத் தோன்றவில்லை. அரை ஆழாக்கு அரிசி குறைந்தால் தெரிகிறவளுக்கு. அவர் சொன்னார், நம்பினேன், கைராசி என்றார், காது சூடானது, காது சூடானவுடன் கணக்கு நின்றுவிட்டது. அப்படியானால் இந்த மனிதர் என் சம்பளத்தில் வாங்கி என்னிடமே கொடுத்துவிட்டு, ஊரெல்லாம் தான் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டாரா. அண்ணன் முன்னால் நான் அவர் ஆசையா வாங்கிக் குடுத்தது என்றபோது பக்கத்தில்தானே நின்றார். மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இந்த வீட்டில் என்னுடையது என்று ஒன்றுகூட இல்லையே என்று எத்தனை நாள் மத்தியானத்தில் நினைத்திருக்கிறேன், ஒன்று இருந்திருக்கிறது, சொல்லவில்லை. கோபம் வந்த வேகத்திலேயே பயமும் வந்தது, நான் தப்பாகப் பெருக்கி, தப்பாக நினைத்து, கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருக்கிற மனிதரைச் சந்தேகப்படுகிறேனோ என்று. திரையில் ஒரு கட்டம் எழும்பியது, நீங்கள் இருக்கிறீர்களா, நீண்ட நேரமாக ஒன்றும் செய்யவில்லையே. இருக்கிறேன் என்று அமுக்கினேன். "நாயகி, மணி பதினொண்ணு அடிச்சிருச்சு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லட்டுமா, நர்ஸ் லேட்டுன்னு?"

குளிர்பெட்டியிலிருந்து வெள்ளை மூடியை எடுத்துக்கொண்டு போனேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன், கீழ் இமையை விரலால் இறக்கினேன். வெல்டிங் பொறி பட்ட சின்ன வடு கன்னத்தில் இருக்கிறது. கண்ணுக்குள் நான் தெரிகிறேன். "என்ன, அப்படிப் பாக்குறே?" "அசையாதீங்க." ஒரு சொட்டு. மூடிக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, கேட்டுப் பழக்கமில்லை. "அந்தச் சாப்ட்வேர் ஒண்ணு கேக்குது" என்றேன். "சிங்கப்பூர்ப் பங்கு யாரு காசுல வாங்குனதுன்னு." "கைராசின்னு போடு." "அதுக்கு வட்டம் இல்ல. என் காசா, உங்க காசா, ரெண்டே வட்டம்." இமைக்குள் விழி அசைந்தது. கண் திறந்திருந்தால் இந்த இடத்தில் எழுந்து குழாயடிக்குப் போயிருப்பார், முப்பத்தெட்டு வருடமும் அப்படித்தான் போயிருப்பார், இப்போது போக முடியவில்லை. "ஷு யின் காசா?" என்று கேட்டேன். அந்தப் பெயரை இந்த வீட்டில் நாங்கள் சொல்லியே பல வருடம் ஆகிறது. "யாரு சொன்னா?" என்றார். "எட்டு நூத்தம்பது." "அடேங்கப்பா" என்றார், மெதுவாக. "இவ்ளோ நாள் ஆச்சா உனக்கு. நீ ஒரு வருஷத்துல கண்டுபிடிச்சிருவியோன்னு நான் பயந்துகிட்டு இருந்தேன்." மூடிய கண்ணோடு சிரித்தார். "காலி மைலோ பவுடர் டின்னுல போட்டு வச்சிருந்தேன். ஒரு காசு தொடல. அந்த மாசம்லாம் பட்டறையில கடன் சொல்லித்தான் ஓட்டுனேன்." "ஏன் சொல்லல?" "சொல்லியிருந்தா?" "என்ன சொல்லியிருந்தா?" "உன் காசுன்னு சொல்லியிருந்தா அந்த வாரமே ஊருக்கு அனுப்பச் சொல்லியிருப்பே. எங்கம்மா வீட்டுக் கூரை அப்ப ஒழுகிச்சு. உன் தம்பி அப்பதான் ஃபீஸ் கட்ட எழுதியிருந்தான். உன்னுதுன்னா உன் கையில தங்குமா? அதான் நான் குடுத்ததுன்னு சொன்னேன். நான் குடுத்தத நீ யாருக்கும் குடுக்க மாட்டே." என் பக்கம் முகத்தைத் திருப்பி, "குடுக்கலயே" என்றார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பார்த்தது தெரிகிறது, என்ன மணி என்று மட்டும் தெரியவில்லை. அவர் கையைத் தேடி எடுத்துக்கொண்டேன், வெல்டிங் கையுறைக்குள் இருபத்தைந்து வருடம் இருந்த கை. "எல்லார்கிட்டயும் பெருமையடிச்சீங்களே" என்றேன். "என்னையத் தலைகுனிய வச்சு." "நீ தலைய குனிஞ்சா நல்லா இருந்துச்சு." "இத்தன வருஷமா நான் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கேன்." "நானும் வாங்கிக்கிட்டேன். அதுக்கு வரியும் கட்டியிருக்கேன், உன் டிவிடெண்டுக்கு, ஆடிட்டரக் கேளு." அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது, கண் ஆபரேஷன் ஆனவரை அடிக்கக் கூடாது. எழுந்துபோய் இளஞ்சிவப்பு மூடியை எடுத்து வந்தேன். இரண்டாவது சொட்டு. "மூடிக்குங்க." மூடிக்கொண்டார். மடிக்கணினியைத் தூக்கி வந்து கட்டில் ஓரத்தில் வைத்தேன். அது என்னை வெளியே அனுப்பிவிட்டிருந்தது, மறுபடி பெயர், மறுபடி கடவுச்சொல், ஆனால் அடித்ததையெல்லாம் பத்திரமாக வைத்திருந்தது, அறுபத்தைந்து, ஜூன், ரூபாயாக மாறிப்போன ஆயிரத்து இருநூறு, நூற்றைம்பது, பூஜ்யம். அந்தக் கேள்விக்கு எதிரில் மட்டும் இரண்டு வட்டமும் காலியாக இருந்தன. முதல் வட்டத்தை அமுக்கினேன். சுய நிதி. "அமுக்கிட்டியா?" "ம்." "எதை?" "என் காசுன்னு." "அதான் சரி" என்றார், திருப்தியாக, தானே ஒரு வட்டத்தை அமுக்கியது போல. வட்டத்துக்குள் வந்த புள்ளி கலங்கிப் பெரிதாகி எழுத்தெல்லாம் கரைந்தது, எனக்கும் கண்ணில் புரையோ என்று ஒரு நொடி நினைத்தேன். மேடம் கோவின் இரண்டு கை. கைக்குட்டை. எண்ணாமல் போட்டுக்கொண்ட சட்டைப்பை. அவர் என்னைக் கணக்குப் போட்டிருக்கிறார், சரியாகப் போட்டிருக்கிறார், எனக்கே தெரியாத என் கையை அவருக்குத் தெரிந்திருக்கிறது. "நாயகி, திறக்கலாமா?" சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தேன். ஐந்து நிமிடம் முடிந்து அதற்கு மேலேயே ஆகியிருந்தது. "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றேன், முந்தானையைத் தேடிக்கொண்டே.